டார்கெட் எல்லாம் ஜனவரியோட போயிடுது, எங்க இடிக்குது?

கேள்வி, ஜனவரி 4, காலை 7:12

அக்கா, வருஷா வருஷம் இதே கதைதான். இந்த தடவையும் லிஸ்ட் போட்டாச்சு. பத்து கிலோ குறைக்கணும், தினமும் பத்தாயிரம் ஸ்டெப்ஸ், வாரம் ஆறு நாள் ஜிம். 21 நாள் விடாம பண்ணிட்டா பழக்கமாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க, நான் அந்த 21ஐ தாண்டினதே கிடையாது. எனக்கு வில்பவர் கம்மின்னு முடிவே பண்ணிட்டேன். டார்கெட்டை எப்படி வெக்கறது, வெச்சதை எப்படி விடாம பிடிக்கறது?

ஜனவரி 4, இரவு 9:50

வில்பவரை விடுங்க தம்பி, அதை எடை போடற மெஷின் இன்னும் யாரும் கண்டுபிடிக்கல. லிஸ்ட்டை பாருங்க, மூணும் மூணு ரகம். பத்து கிலோங்கறது ரிசல்ட், அது முழுசா உங்க கையில இல்ல, இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு உக்காந்து 'பத்து கிலோ'வை யாராலயும் பண்ண முடியாது. பத்தாயிரம் எங்கயோ கேள்விப்பட்ட நம்பர், அதை பத்தி தனியா எழுதறேன். ஆறு நாள் ஜிம் மட்டும்தான் செய்யற வேலை, ஆனா இப்போ வாரத்துக்கு எத்தனை நாள் போறீங்க? பூஜ்யம்னா ஆறுங்கறது டார்கெட் இல்ல, ஆசை.

நான் கேக்கறது ஒண்ணுதான். காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துட்டீங்கன்னு வைங்க, எந்திரிச்ச அன்னிக்கு என்ன பண்ணுவீங்க? லிஸ்ட்ல அதுக்கு ஒரு வரியும் இல்ல. விடாம பண்றது எப்படின்னு எல்லாரும் கேக்கறாங்க, விட்டப்புறம் எந்த வாசல் வழியா உள்ள வர்றதுன்னு யாரும் கேக்கறதில்ல. பல வருஷமா ஃபிட்டா இருக்கறவங்களை பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், அவங்களும் விடறாங்க, கல்யாணம், பரீட்சை, குழந்தை, இடுப்பு பிடிப்புன்னு எல்லாத்துக்கும் விடறாங்க. ரெண்டு வாரத்துல திரும்ப வந்துடறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். நம்ம மாதிரி ஆளுங்க அடுத்த ஜனவரி வரைக்கும் காத்திருக்கோம்.

ஜனவரி 5, மதியம் 1:30

21 நாள் சமாச்சாரம். 1960ல மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதினதுல இருந்து கிளம்பினது இது. ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு கண்ணாடியில தெரியற புது முகம் பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு தன்னோட பேஷன்ட்ஸை பாத்து சொன்னார். ஜிம்முக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, போற வழியில 'குறைஞ்சது'ங்கறதையும் உதிர்த்துட்டாங்க.

உருப்படியா அளந்து பாத்தது யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன்ல பிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும், 2009ல வெளிவந்துச்சு. 96 பேர், ஆளுக்கு ஒரு சின்ன பழக்கம், சாப்பிடறது, குடிக்கறது, உடற்பயிற்சின்னு ஏதாவது ஒண்ணு, தினமும் அதே நேரத்துல இல்லன்னா அதே சூழ்நிலையில செய்யணும், 84 நாள் தினமும் குறிச்சு வெக்கணும். யோசிக்காம தானா நடக்கற நிலைக்கு வர நடுவாந்தரமா 66 நாள். ஆனா 18 நாள்ல வந்தவங்களும் உண்டு, 254 நாள் ஆகும்னு கணக்குல வந்தவங்களும் உண்டு. அளந்ததே 84 நாள்தான், 254ங்கறது அந்த 84 நாள் போக்கை வெச்சு கோடு நீட்டி போட்ட கணக்கு, அதையும் சேத்தே சொல்லிடறேன். அதுலயும் உடற்பயிற்சி எடுத்தவங்களுக்கு ஒரு கிளாஸ் தண்ணி குடிக்கற பழக்கத்தை எடுத்தவங்களை விட நாள் கூடத்தான் ஆச்சு, நமக்கே தெரியுமே, தண்ணி குடிச்சா மூச்சு வாங்காது.

உங்களுக்கு வேண்டிய விஷயம் வேற. நடுவுல ஒரு நாள் விட்டது பெரிசா எதையும் கெடுக்கலைன்னு அதே ஆராய்ச்சியில இருக்கு. 21 நாள் சவால்னு விக்கறவங்க இதை சொல்ல மாட்டாங்க, ஏன்னா 'ஒரு நாள் விட்டா முதல்ல இருந்து'ன்னு பயமுறுத்தினாத்தான் அந்த வியாபாரம் ஓடும்.

ஜனவரி 5, மதியம் 1:41

66ஐ புது 21 ஆக்கி காலண்டர்ல வட்டம் போட்டுடாதீங்க.

ஜனவரி 9, இரவு 11:05

பத்தாயிரம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச சூட்டுல, 1965ல ஜப்பான்ல யமாசாங்கற கம்பெனி இடுப்புல மாட்டற ஒரு நடை அளக்கற கருவி வித்துச்சு, கருவியோட பேர்லயே பத்தாயிரம் இருந்துச்சு. விளம்பரத்துக்கு எடுப்பான நம்பர். ஆராய்ச்சி பண்ணி அளந்து கண்டுபிடிச்ச அளவு இல்ல.

அப்போ எவ்வளவு போதும்னா, 2019ல ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழு அமெரிக்காவுல வயசான பெண்கள் 16 ஆயிரத்து சொச்சம் பேரை வெச்சு பாத்தாங்க, சராசரி வயசு 72. ஒரு நாளைக்கு 2,700 அடி கிட்ட நடந்தவங்களை விட 4,400 நடந்தவங்க கிட்ட சாவு விகிதம் தெளிவா குறைஞ்சிருந்துச்சு, 7,500 பக்கம் வந்ததும் கோடு படுத்துடுச்சு, அதுக்கு மேல நடந்தும் பெரிசா குறையல. நடந்ததாலதான் குறைஞ்சுச்சா, இல்ல உடம்பு நல்லா இருக்கறவங்கதான் கூட நடந்தாங்களான்னு இந்த மாதிரி ஆராய்ச்சியால முழுசா பிரிச்சு சொல்ல முடியாது. வயசும் வேற, அதனால 7,500ஐ உங்க நம்பரா எடுத்துக்காதீங்க. உங்க போன்ல போன ரெண்டு வாரத்து சராசரி இருக்குமே, அது நாலாயிரம்னா ஐயாயிரம்தான் உங்க அடுத்த நம்பர்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதுல ஸ்டெப்ஸ் கணக்கே கிடையாது. பெரியவங்களுக்கு வாரத்துல 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான வேகம், இல்லன்னா 75ல இருந்து 150 நிமிஷம் நல்ல வேகம், கூடவே வாரத்துல ரெண்டு நாளாவது பெரிய தசைங்களுக்கு வேலை. மிதம்னா நடக்கறப்போ பேச முடியணும், பாட முடியக்கூடாது. முன்னாடி ஒரே மூச்சுல பத்து நிமிஷமாவது பண்ணினாத்தான் கணக்குன்னு வெச்சிருந்தாங்க, அதையும் எடுத்துட்டாங்க. மாடிப்படி ஏறின மூணு நிமிஷமும் இப்போ வரவுதான்.

ராத்திரி பதினொண்ணரைக்கு கட்டிலை சுத்தி சுத்தி நடந்து மிச்ச எண்ணூறை முடிக்கற கூட்டத்துல நானும் இருந்திருக்கேன். வீட்ல 'என்னத்த தொலைச்சே'ன்னு கேட்டாங்க.

ஜனவரி 12, காலை 6:40

'வாரம் மூணு நாள் பண்ணுவேன்'னு எழுதறதுக்கும் 'செவ்வாய், வியாழன், சனி, ஆபீஸ் விட்டு வந்து பையை வெச்சதும், சோஃபாவுல உக்காராம, பாயை விரிப்பேன்'னு எழுதறதுக்கும் உள்ள தூரம் எவ்வளவுன்னு பிரிட்டன்ல ஒரு சோதனை காட்டுது. 2002ல மில்ன், ஆர்பெல், ஷீரன்னு மூணு பேர் 248 மாணவர்களை வெச்சு பண்ணினது. ஒரு குரூப்பை சும்மா விட்டாங்க. ஒரு குரூப்புக்கு உடற்பயிற்சி பண்ணினா இதயத்துக்கு நல்லது, பண்ணலைன்னா இன்ன ஆபத்துன்னு படிக்க குடுத்தாங்க. மூணாவது குரூப்பு அதையும் படிச்சு, எந்த நாள், எந்த நேரம், எந்த இடம்னு எழுதியும் குடுக்கணும். சும்மா விட்டதுல 38 சதவீதம் பண்ணினாங்க. அறிவுரை மட்டும் கேட்டவங்கள்ல 35. எழுதி குடுத்தவங்கள்ல 91.

அறிவுரை கேட்ட கூட்டம் சும்மா இருந்தவங்களை விட ஒரு படி கீழதான். இதை பிரிண்ட் எடுத்து என் பெரியப்பாவுக்கு அனுப்பணும்.

ஜனவரி 12, இரவு 8:15

காலையில எழுதினதை இன்னொரு தடவை யோசிச்சேன். அந்த சோதனையில கேட்டது வாரத்துல ஒரு தடவையாவது இருபது நிமிஷம் நல்லா பண்ணியாங்கறதைத்தான். அதாவது ஆரம்பிக்க வெக்கற வித்தை அது, மாசக்கணக்கா பிடிச்சு நிக்கறதுக்கு அதுவே போதும்னு அதை வெச்சு சொல்லிட முடியாது. இருந்தாலும் நான் விட மாட்டேன். சாயங்காலம் ஏழு மணி களைப்புல 'இன்னிக்கு போகலாமா வேணாமா'ன்னு மனசோட பஞ்சாயத்து வெச்சா தீர்ப்பு எப்பவும் ஒரே பக்கம்தான். முன்னாடியே முடிவாகியிருந்தா பஞ்சாயத்துக்கே வேலை இல்ல.

ஒண்ணு சேத்துக்கங்க, 'தவறினா' வரி. 'வியாழன் தவறினா வெள்ளி அதே நேரம் பாதி பண்ணுவேன். ஒரு வாரம் தவறினா முதல் நாள் பத்து நிமிஷம் மட்டும், அதுக்கு மேல பண்ண தோணினாலும் பண்ண மாட்டேன்.' நல்ல மூட்ல இருக்கறப்பவே இதை எழுதி வெச்சிடணும், தவறின அன்னிக்கு இதை எழுத உக்காந்தா கையெழுத்தே வராது, குத்த உணர்ச்சிதான் வரும்.

ஜனவரி 20, மதியம் 3:00

முதல் நாளே நூறு ஸ்க்வாட், அதாவது உக்காந்து எந்திரிக்கறது, போட்டுட்டு படி இறங்க முடியலன்னு எழுதியிருக்கீங்க. லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சுன்னு உங்க ஃபிரெண்ட் சொன்னது சரியில்ல, அது ஒரு மணி நேரத்துக்குள்ள ரத்தத்துல இருந்து போயிடும். இது தசை நீண்டுகிட்டே பாரம் தாங்கறப்போ, அதாவது ஸ்க்வாட்ல நீங்க கீழ இறங்கற பாதியில, உள்ளுக்குள்ள ஏற்படற நுண்ணிய சேதம், அதுக்கு உடம்பு காட்டற எதிர்வினை. 24 மணி நேரத்துக்கு மேலதான் உச்சத்துக்கு வரும், சில நாள் இருந்துட்டு போகும். அடுத்த தடவை அதே வேலைக்கு இவ்வளவு வலிக்காது. வலிச்சாத்தான் வேலை நடக்குதுன்னு மட்டும் நினைக்காதீங்க, பலம் நல்லா ஏறிக்கிட்டிருக்கற மாசங்கள்ல எனக்கு வலியே இருக்காது.

வலி சரி. சிறுநீர் கருப்பு டீ கலர்ல போனா, நெஞ்சு அழுத்தினா, தலை சுத்தி கண்ணை இருட்டினா இங்க எழுதிக்கிட்டு இருக்கக்கூடாது, நேரா டாக்டர்.

ஜனவரி 27, இரவு 10:20

எதிர்பார்த்த மெசேஜ் வந்துடுச்சு. 'அக்கா, வேலை டென்ஷன்ல பத்து நாளா ஒண்ணும் பண்ணல, எல்லாம் போச்சு, பிப்ரவரி ஒண்ணுல இருந்து புதுசா ஆரம்பிக்கறேன்.'

ஒண்ணாம் தேதிக்கு ஒரு மவுசு இருக்கறது உண்மைதான். வாரம், மாசம், வருஷம் பிறக்கறப்போ, பிறந்தநாளுக்கு அடுத்தாப்புல எல்லாம் ஜிம்முக்கு போறவங்க கூடறாங்கன்னு டாய், மில்க்மேன், ரீஸ்னு மூணு பேர் 2014ல காட்டினாங்க. ஆனா அந்த மவுசை வெச்சு நடுவுல இருக்கற நாளை தள்ளுபடி பண்றோம் பாருங்க, அங்கதான் ஏமாந்து போறோம். இன்னிக்கு 27. நாளைக்கு காலையில பத்து நிமிஷம் போதும்.

அப்புறம் 'எல்லாம் போச்சு'. என்ன போச்சுன்னு கணக்கு பாத்துடலாம். பயிற்சியை நிறுத்தினா முதல்ல இறங்கறது மூச்சு பலம், ரெண்டு வாரத்துக்குள்ள ரத்தத்துல இருக்கற பிளாஸ்மாங்கற நீர்ப்பகுதியோட அளவு குறையும், அதனால அதே வேகத்துல ஓடினா இதயம் கூட துடிக்கும், 'ஐயோ ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துட்டோம்'னு தோணும். அந்த பகுதி நாலஞ்சு செஷன்லயே நல்லா திரும்ப ஆரம்பிக்கும். தசை பலம் மூணு நாலு வாரம் வரைக்கும் பெரிசா அசையாது. பத்து நாள்ல போனது உங்க தெம்பு இல்ல, உங்க கணக்கு ஆப்ல இருந்த ஸ்ட்ரீக்.

அந்த ஸ்ட்ரீக் மேல எனக்கு ரொம்ப நாளா கோபம். வரிசையா இத்தனை நாள்னு ஏறிக்கிட்டே போகும், ஒரு நாள் காய்ச்சல்ல படுத்தா சைபர். நம்ம உடம்பு இப்படி கணக்கு வெக்கறதே இல்ல. அது போன மாசம் பண்ணினதையும் வெச்சிருக்கும். நீங்க அந்த ஆப்பை தூக்கிட்டு மாசத்துக்கு எத்தனை நாள்னு மட்டும் பாருங்க, பதினெட்டு நாளுக்கும் பதினாறு நாளுக்கும் நடுவுல யாரும் மனசு உடைஞ்சு போறதில்ல.

திரும்ப வர்றப்போ முன்னாடி பண்ணினதுல பாதி. விட்டதை ஈடுகட்டறேன்னு டபுள் போடறவங்க மறுபடி ஒரு வாரம் படுப்பாங்க. தசை சீக்கிரம் தெம்பாயிடும், தசைநார்களும் மூட்டும் மெதுவாத்தான் பழகும், முட்டிக்கு கீழயும் குதிகாலுக்கு மேலயும் வர்ற பல தொல்லை இந்த இடைவெளியில இருந்துதான் வருது.

ஜனவரி 28, காலை 7:30

ஓடற அளவை வாரத்துக்கு பத்து சதவீதத்துக்கு மேல கூட்டக்கூடாதுங்கற விதி என்னாச்சுன்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார். நெதர்லாந்துல 2008ல வந்த சோதனை, புதுசா ஓடறவங்க 532 பேர், ஒரு பாதி பத்து சதவீத விதிப்படி 13 வாரம், இன்னொரு பாதி 8 வாரத்துல வழக்கமான மாதிரி. காயம் ரெண்டு பக்கமும் அஞ்சுல ஒருத்தருக்கு. அதனால பத்துங்கறதுல மந்திரம் எதுவும் இல்ல. இஷ்டத்துக்கு கூட்டலாம்னு அதுக்கு அர்த்தமும் இல்ல. முட்டி என்ன சொல்லுதுன்னு கேளுங்க, சதவீதத்தை பள்ளிக்கூடத்தோட விட்டுடுங்க.

பிப்ரவரி 8, இரவு 9:10

வாட்ச் 600 கலோரி எரிச்சேன்னு சொல்லுது, அதை நம்பி சாப்பிடலாமான்னா, வேண்டாம். 2017ல ஸ்டான்ஃபோர்ட்ல கையில கட்டற ஏழு கருவியை சோதிச்சாங்க. இதயத் துடிப்பை ஏழுல ஆறு நல்லாவே சொல்லுச்சு, தப்பு 5 சதவீதத்துக்குள்ள. கலோரியில இருக்கறதுலயே நல்லதுக்கு 27 சதவீதம் தப்பு, மோசமானதுக்கு 93. இப்போ வர்றது கொஞ்சம் தேறியிருக்கலாம், ஆனாலும் கலோரி கட்டத்தை நான் திரையில இருந்தே எடுத்துட்டேன்.

220ல இருந்து வயசை கழிக்கற அதிகபட்ச துடிப்பும் அப்படித்தான், ஆளுக்கு ஆள் பத்து பன்னெண்டு துடிப்பு முன்ன பின்ன சர்வசாதாரணம். பேச முடியுதான்னு பாக்கறது அதை விட நேர்மையான கருவி, சார்ஜும் போட வேணாம்.

பிப்ரவரி 15, காலை 6:55

எடை மெஷின்ல ஏறி நின்னு அழறவங்களுக்காக. முதல் வாரம் சரசரன்னு ரெண்டு கிலோ இறங்கினா குதிக்காதீங்க, தசையிலயும் கல்லீரல்லயும் சேத்து வெச்சிருக்கற கிளைகோஜன்ங்கற சர்க்கரை இருப்பு குறையறப்போ அது பிடிச்சு வெச்ச தண்ணியும் கூட போகும், ஒரு கிராமுக்கு மூணு கிராம் தண்ணின்னு தோராயமா வெச்சுக்கலாம். அதே மாதிரி வெயிட் தூக்க ஆரம்பிச்ச மாசம் ஒரு கிலோ ஏறினாலும் பயப்படாதீங்க, அதுலயும் பெரும்பாலும் தண்ணிதான். தினமும் பாக்கணும்னா பாருங்க, ஆனா வார சராசரியை மட்டும் எழுதுங்க. பாத்தா மூட் போகும்னா மெஷினை யார் வீட்டுக்காவது குடுத்துடுங்க, பேன்ட் சொல்லும்.

முதல் சில வாரத்துல தூக்கற எடை கூடுதே, கை ஏன் தடிக்கலன்னா, ஆரம்பத்துல கத்துக்கறது நரம்பு, தசையை ஒழுங்கா கூப்பிட பழகுது. சைஸ் அப்புறம் வரும்.

மார்ச் 2, இரவு 10:45

நான் எல்லாருக்கும் 'மோசமான நாளைக்கு பத்து நிமிஷம் போதும்'னு சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்போ அதுக்கு ஒரு பின்குறிப்பு. பத்து நிமிஷம் குறைஞ்சபட்சமா இருந்தது மெல்ல மெல்ல என்னோட முழு வொர்க்கவுட்டா ஆயிடுச்சு. நல்ல நாளும் பத்துதான், கெட்ட நாளும் பத்துதான், அதே புஷ்-அப், அதே எண்ணிக்கை. விடவே இல்ல, ஆனா ஒரு அடி நகரவும் இல்ல. உடம்பு தனக்கு பழகின வேலைக்கு எதுக்கு மாறணும்?

அதனால ரெண்டு வரியா பிரிச்சிருக்கேன். ஒண்ணு தரை, எவ்வளவு கேவலமான நாளா இருந்தாலும் அதுக்கு கீழ இல்ல, அது மாறவே மாறாது. இன்னொண்ணு படி, அது நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஏறணும், ஒரு ரெப் (அதே பயிற்சி இன்னொரு தடவை), ரெண்டரை கிலோ, அஞ்சு நிமிஷம், எதுவோ ஒண்ணு. ஏறலைன்னா ஏன்னு உக்காந்து பாக்கணும். தூக்கமா, சாப்பாடா, இல்ல இந்த பயிற்சியே பிடிக்கலையா. பிடிக்கலைங்கறது தாராளமா ஒரு காரணம்தான், ரன்னிங் பிடிக்காதவங்க ரன்னிங்லயே ஒழுக்கத்தை நிரூபிக்கணும்னு யார் சொன்னது, நீச்சல் இருக்கு, சைக்கிள் இருக்கு, டான்ஸ் இருக்கு.

படியை நல்லா இருக்கற வாரத்துல முடிவு பண்ணாதீங்க, ரொம்ப ஆசைப்படுவோம். தரையை மோசமான வாரத்துல முடிவு பண்ணாதீங்க, ரொம்ப இறங்கிடுவோம்.

மார்ச் 3, காலை 7:05

'தரை'ன்னதும் தரையில படுத்துட்டாலே கணக்கான்னு கேட்டவருக்கு: முழங்கையையும் கால்விரலையும் ஊனி உடம்பை நேரா தூக்கிப் பிடிக்கற பிளாங்க்ல இருந்தா கணக்கு.

ஏப்ரல் 11, மாலை 6:30

துணை இருந்தா நல்லதுன்னு எல்லாரும் எழுதறீங்க, எனக்கு பாதி சம்மதம். முன்னாடி எனக்கு ஒரு நடை தோழி இருந்தா, காலையில அவ கீழ நிப்பாங்கற வெக்கத்துலயே எந்திரிச்சுடுவேன். அவளுக்கு மாத்தல் ஆச்சு, என் நடையும் அதே வண்டியில ஏறி போயிடுச்சு. மாசக்கணக்கா. பழகினது நடைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், எனக்கு பழகினது அவளோட அரட்டை. இப்போ வாரத்துல ரெண்டு நாள் ஆளுங்களோட, மீதி தனியா, ஒருத்தர் வரலைன்னாலும் முழுசா நிக்காது. தனியா போறப்போ நடக்கறப்ப மட்டும்தான் கேக்கறதுன்னு ஒரு ஆடியோ கதை வெச்சிருக்கேன், வில்லன் யாருன்னு தெரியணும்னா செருப்பை மாட்டியாகணும்.

ஏப்ரல் 26, இரவு 9:35

தம்பி, உங்க மெசேஜ் பாத்தேன். ஆறு நாள் ஜிம் ரெண்டு நாளாகி ரெண்டு மாசமா நிக்குது, நடை தனியா போயிக்கிட்டு இருக்கு, நடுவுல ரெண்டு தடவை விட்டு ரெண்டு தடவையும் அதே வாரத்துல திரும்பிட்டீங்க. எடை பெரிசா இறங்கலன்னு முனகறீங்க, அதுக்கு சாப்பாட்டு பக்கம்தான் போகணும், நடையை மட்டும் வெச்சு பத்து கிலோ எதிர்பாக்காதீங்க.

ஓட ஆரம்பிக்கலாமான்னா, தாராளமா. கவுச் டு ஃபைவ் கே-ன்னு, அதாவது சோஃபாவுல இருந்து அஞ்சு கிலோமீட்டர் ஓட்டத்துக்குன்னு, 1996ல ஜோஷ் கிளார்க்னு ஒருத்தர் போட்ட பிளான், ஒன்பது வாரம், வாரம் மூணு நாள், ஒரு நிமிஷம் ஓட்டம் ஒன்றரை நிமிஷம் நடைன்னு ஆரம்பிக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. அஞ்சாவது வாரம் ரெண்டாவது நாள் எட்டு எட்டு நிமிஷமா ரெண்டு தடவை ஓட வெக்கும், மூணாவது நாள் திடீர்னு நிக்காம 20 நிமிஷம்னு போட்டிருக்கும். அதை பாத்து நிறைய பேர் அங்கயே கழண்டுக்கறாங்க. பேசற வேகத்துல ஓடினா முக்காவாசி பேருக்கு அது முடியற வேலைதான், நீங்க நினைக்கறதை விட மெதுவா, நடக்கறவங்க தாண்டி போனாலும் பரவாயில்ல. முடியலைன்னா நாலாவது வாரத்துக்கு போயி அங்க இருந்து வாங்க, ஒன்பது வாரம் பதிமூணு ஆனா ஆகட்டும். ஜிம் நாள் ரெண்டையும் மட்டும் வெட்டிடாதீங்க.

ஷூ பத்தி கேட்டிருந்தீங்க, போட்டதும் சுகமா இருக்கறது எதுவோ அது. கலரை பாத்து வாங்கினாலும் தப்பில்ல.